மோட்டார் கெட்டுப் போகவில்லை

சேகர்,

நேற்று நீ போனில் பேசியபோது எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதிர்வீட்டுக்காரர்களின் போன், அவர்கள் கூடத்தில் நின்றுகொண்டு எவ்வளவுதான் பேச முடியும்? “சரிப்பா, உன் இஷ்டம்” என்று வைத்துவிட்டேன். மாடி ஏறி வருவதற்குள்ளேயே அந்தச் ‘சரி’ எனக்குக் கசந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மோல்மேனில் புது வீடு பார்த்திருக்கிறாய், கல்யாணமாகி முதல் தடவையாகத் தனிக்குடித்தனம், வீட்டுக்கு டிஷ் வைக்கப் போகிறாய். சந்தோஷம். ஆனால் நீ என்ன சொன்னாய்? “சின்னதா ஒரு டிஷ், ஒரே பக்கமா நிக்கட்டும், அதான் நல்லதுன்னு மாமா சொல்றாரும்மா. டிஷ்ஷ அங்க இங்க திருப்பற மோட்டார் வச்சா ஊர்க்கண்ணெல்லாம் நம்ம மேல விழும். அதோட மோட்டார் தாங்காதும்மா, நம்ம வீட்டுலயே கெட்டுத்தானே போச்சு?” என்றாய். உன் மாமனார் நல்ல மனிதர். தன் பெண்ணை நமக்கு நம்பிக் கொடுத்தவர். அவர் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டு மோட்டார் கெட்டுப் போகவில்லை. கெட்டுப் போனது என்று உன்னிடம் சொன்னது நானும் உன் அப்பாவும்தான். ஏன் சொன்னோம் என்பதையும் எழுதுகிறேன். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

பர்மியில் எழுதியிருந்தால் நீ ஒரே மூச்சில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அப்படிப் படிக்கக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படி. தமிழ் எழுத்தை நீ எங்கே கற்றாய் என்று நினைவிருக்கிறதா? கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பினால் பின்வாசல் வழியாகப் பந்து விளையாடப் போய்விடுவாய். டிவியில் படத்துக்கு அடியில் ஓடுமே செய்தி வரி, அதைப் பார்த்துத்தான் படித்தாய். நீ பார்த்தே இராத ஊர்களில் மழை, பஸ் நிறுத்தம், தக்காளி விலை. ஒரு எழுத்தைப் பிடிப்பதற்குள் வரி ஓடிப் போய்விடும். அடுத்த சுற்று வரும்வரை தரையில் குந்திக் காத்திருப்பாய். “அம்மா, ‘ஆர்ப்பாட்டம்’னா என்னாம்மா?” என்று கேட்டாய் ஒருநாள். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கூச்சல் போடறதுடா” என்றார். அந்தத் தமிழ்ச் சானல் வந்தது ஒரு சாட்டிலைட்டில். உன் அப்பாவின் பந்தாட்டம் வந்தது இன்னொன்றில். ஒரே பக்கம் பார்க்கும் டிஷ் வைத்திருந்தால் இரண்டில் ஒன்று நம் வீட்டுக்குள் வந்தே இருக்காது. எது வந்திருக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதும் எல்லாரும் ஒரே பக்கம் போதும் என்றுதான் சொன்னார்கள். உன் அப்பாவே சொன்னார். அலோன் படகுத்துறைக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. எதையும் அதிகமாக ஏற்றக் கூடாது என்பதே அவர் சுபாவம். நான் தின்கன்ஜூனிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள நம் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்கள் வந்து நின்று, தமிழ் நாடகத்தில் பார்த்த கழுத்து வேண்டும், கை வேண்டும் என்பார்கள். பார்க்காமல் எப்படித் தைப்பது? தையல் காசில்தான் வாங்கினேன். நகரத்தில் மின்சாமான் கடைத் தெருவுக்கு உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கடையில் நான் கேள்வி கேட்பேன், கடைக்காரன் பதிலை உன் அப்பாவிடம் சொல்வான். வலை டிஷ்ஷா தகட்டு டிஷ்ஷா என்று நான் கேட்டால், “அண்ணன் வீட்டு மாடி எப்படி?” என்பான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் பர்மியில், “கேக்கறது இங்க, காசு இருக்கறதும் இங்க. மொகத்தையும் இந்தப் பக்கமே திருப்புங்க” என்றேன். உன் அப்பா கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார். கடைக்காரன் திரும்பினான். நான் அந்தக் கடையில் வாங்கவில்லை.

நீ வாங்கும்போது தட்டு முதலில். சின்னத் தகட்டு டிஷ் பார்க்க அழகாக இருக்கும். மோல்மேன் மழை உனக்கு இனிமேல்தான் தெரியப் போகிறது. சின்ன டிஷ் பிடிக்கிற அலைவரிசை வேறு. நல்ல மழையில் அது கண்ணை மூடிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய டிஷ்ஷின் அலைவரிசை மழையைத் தாங்கும். அதுவும் கம்பி வலையாக வாங்கு. நம் ஊரில் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. டிஷ் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். தகடாக இருந்தால் வாணலி மாதிரித் தண்ணீர் தேங்கி, இலை விழுந்து, கொசு குடும்பம் நடத்தும். வலையில் மழையும் காற்றும் அதன் பாட்டுக்குப் போய்விடும். வாங்குமுன் இரண்டு நூலை விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிப் பார். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். இடைவெளி விட்டாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ தட்டு கோணல். கடைக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். கோணல் தட்டுக்கு, அலையை வாங்கிக்கொள்ளும் எல்.என்.பி எவ்வளவு நல்லதாக மாட்டினாலும் படம் பொரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது மோட்டார். கடையில் ஆக்சுவேட்டர் என்பார்கள். குழாய்க்குள் குழாய், மோட்டார் சுற்றினால் உள் குழாய் நீண்டு டிஷ்ஷை ஒரு பக்கம் தள்ளும், சுருங்கினால் மறு பக்கம் இழுக்கும். நாம் அதைக் ‘கை’ என்போம். கை நீளமாக இருக்கட்டும். குட்டைக் கை மலிவு. ஆனால் வானத்தின் இரண்டு ஓரங்களையும் எட்டாது. உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேள். கைக்கு மேல் ரப்பர் உறை போடு, தண்ணீர் வடிகிற ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று நீயே தொட்டுப் பார். இரண்டு ஓரத்திலும் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லை வைக்காமல் விட்டால் கை நிற்காமல் தள்ளித் தட்டையே வளைத்துவிடும். ரிசீவரும் மோட்டாரை ஓட்டும் பெட்டியும் தனித்தனியாக வாங்கு. ஒன்று போனால் மற்றது பிழைக்கும். பெட்டிக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம். டிஷ் திரும்பிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பெட்டிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். அப்புறம் நீ ஒவ்வொரு சாட்டிலைட்டாகத் தேடிக் கொடுக்க வேண்டும்.

கம்பத்தை மழை விட்ட பிறகு நடு. இதை உன் அப்பா எழுதச் சொன்னார். நம் மொட்டை மாடியில் டிஷ் வைக்க வந்த கோ ஜோ கெட்டிக்காரப் பையன்தான். காம்பஸை வைத்துத் தெற்குப் பார்த்து நட்டான். நடுவில் இருந்த சாட்டிலைட் பளிச்சென்று வந்தது. கையை நீட்டினால் மற்றது ஒன்றும் இல்லை. மூன்று தடவை பிரித்துப் பூட்டினான். கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, பொறுக்க முடியாமல் மேலே வந்தார். “மாடி பூரா இரும்புக் கம்பி ஓடுது. காம்பஸ் அதத்தான் பாக்கும், தெற்க எங்க பாக்கும்?” என்றார். கிடங்கில் அந்தக் கூத்தை அவர் பார்த்திருக்கிறார். தை மாத வெயில். ஒரு கழியை நட்டு, உச்சி நேரத்தில் நிழல் எப்போது மிகவும் குட்டையாக விழுகிறதோ அந்தக் கோட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தார். அதுதான் நேர் தெற்கு வடக்கு. கம்பத்தை நாலு பக்கமும் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எல்லாம் வரிசையாக வந்தது. மோட்டாரே வேண்டாம் என்றவர், அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் மாடிக்கு அழைத்துப் போய் நிழல் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மழைக்காலத் தொடக்கத்தில் இதைச் செய்யாதே. அப்போது சூரியன் நம் தலைக்கு மேலேயே வந்துவிடும். நிழல் காலடியில் பதுங்கிக்கொள்ளும்.

ஒரு டிஷ்ஷிலிருந்து கீழ் மாடிகளுக்கும் வயர் இழுத்துக் கொடுத்தோம். அதில் ஒரு சங்கடம் உண்டு, நீயும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாய் என்பதால் சொல்கிறேன். மோட்டார் ஒன்று, அதன் ரிமோட் நம் வீட்டில். நான் தமிழுக்குத் திருப்பினால் எல்லா மாடியிலும் மற்றவர்கள் படம் போய்விடும். நமக்கு நேர் கீழே இருந்த டோ மியாவுக்குக் கொரியா நாடகம் உயிர். நாடகம் முடியும் நேரத்தில் நான் திருப்பிவிட்டேன் என்று ஒருநாள் படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். “அழறவ அழுது முடிக்கறதுக்குள்ள திருப்பிட்டியே, நீயெல்லாம் பொம்பளையா?” என்றாள். நானும் விடவில்லை. பிறகு இரண்டு பேரும் படியில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனோம். நீ அப்போது நமட்டுச் சிரிப்புச் சிரிப்பாய். அந்த டோ மியாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

அரசாங்கத்தை எதிர்த்துப் பிக்குகள் தெருத்தெருவாக நடந்த அந்த மழைக்காலக் கடைசி. நீ ஷ்வேப்யிதாவில் சட்டை ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாய். பஸ் நின்றுபோனது. விடுதிக்குப் போன் அடித்தால் அடிக்கிற சத்தமே இல்லை. நகரத்தில் சுட்டார்கள் என்று மீன்காரி சொன்னாள், சுடவில்லை என்று ரொட்டிக்காரன் சொன்னான், ஃபாக்டரிப் பையன்கள் லாரி ஏறி ஊர்வலத்துக்குப் போனார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீ அன்று எப்படிப்பட்டவன்? யாராவது ஒருவன் லாரியில் ஏறினால், எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் நீயும் ஏறுவாய். அரசாங்க டிவியில் பாட்டும் பாலம் திறப்பும். வெளிநாட்டிலிருந்து பர்மியில் செய்தி சொல்லும் சானல் ஒன்றில்தான் நம் தெருக்கள் தெரிந்தன. யாரோ ஒளித்து எடுத்த ஆடுகிற படம். எந்தச் சாலையை மறித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் லாரி நிற்கிறது என்று தெரியும். உன் அப்பாவும் நானும் கண் இமைக்காமல் பார்ப்போம். கூட்டத்தில் எந்தத் தலையைப் பார்த்தாலும் உன் தலை மாதிரியே இருக்கும். கீழ் மாடிகளிலும் அதையேதான் பார்த்தார்கள். அந்த நாட்களில் யாரும் திருப்பச் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் நம் வார்டுக்குப் பெரியவராக இருந்த லூஜி இரண்டு ஆட்களோடு வந்தார். அதட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அக்கா என்று மரியாதையாகவே பர்மியில் கூப்பிட்டார். “அமா, டிஷ்ஷ எறக்கச் சொல்லல. இருக்கட்டும். மோட்டார மட்டும் குடுத்துடுங்க. அரசாங்கச் சானல் பக்கமாத் திருப்பிக் கட்டிட்டுப் போறோம். ஒரே பக்கமாப் பாத்துட்டிருந்தா உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல” என்றார். நேற்று உன் மாமனார் சொன்னதாக நீ சொன்னாயே, அதே வார்த்தை. எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிகிறதா? நான், “என் காசுல வாங்கினது, எதுக்குக் குடுக்கணும்?” என்றேன். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். “குடுத்துடு புள்ள. மகன் வெளிய இருக்கான்” என்றார் தமிழில். அந்த ஒரு வார்த்தைக்காக வழி விட்டேன். மேலே போனார்கள், திருப்பினார்கள், கையைக் கழற்றினார்கள், நைலான் கயிற்றால் டிஷ்ஷைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டினார்கள். குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி ஒருவன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். எல்லா மாடிக் கதவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. டோ மியாவின் கதவும். காட்டிக் கொடுத்தது இவள்தான் என்று நினைத்தேன்.

மத்தியானம் காற்றடித்தது. துணியை எடுக்க மாடிக்குப் போனேன். கயிறு தளர்ந்து, டிஷ் தன் பாட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். போயிற்று. அவ்வளவு பெரிய தட்டு, எண்ணெய் போட்ட கதவு திறக்கிற மாதிரித் திரும்பியது. சேகர், கழற்றிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியாத விஷயம் இது: மோட்டார் டிஷ்ஷைத் திருப்புவதற்கு மட்டும் இல்லை. எந்தக் காற்றிலும் அசையாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அவர்கள் பூட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்து முடிந்ததும் உன் நினைப்பு வந்து அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன்.

கையால் திருப்பலாம், ஆனால் மேலே நின்றால் படம் தெரியாது. உன் அப்பாவை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். அவர் கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். என்ன செய்வது என்று நின்றபோது படியில் ஆள் வருகிற சத்தம். டோ மியா. “என்ன பண்றே?” என்றாள். காற்றில் ஆடுகிறது, இழுத்துக் கட்டுகிறேன் என்றேன். “இழுத்துக் கட்டறவ எதுக்கு அந்தப் பக்கம் தள்றே?” என்றாள். அவள் டிஷ்ஷைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுடைய மூத்த மகன் அந்த வருஷம் காவி உடுத்தி நகரத்து மடம் ஒன்றில் இருந்தான். அது எனக்கு அந்த நிமிடம் வரை நினைவுக்கு வரவே இல்லை. “நான் படியில நிக்கறேன். உன் புருஷன் படம் வந்ததும் மெதுவா எங்கிட்டச் சொல்லட்டும்” என்றாள். நான் தள்ளினேன். நிறுத்தினேன். ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்தேன். படியிலிருந்து அவள் குரல் வந்தது: “பூனைக்குச் சோறு வச்சாச்சு!” டோ மியா வீட்டில் பூனையே கிடையாது. படம் வந்துவிட்டது என்று அர்த்தம். கயிற்றை அந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டினேன். அன்று ஒவ்வொரு மாடியிலும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் லூஜி தனியாக மேலே வந்தார். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மறைக்க நேரமில்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

“அமா, நான் எந்தப் பக்கம் கட்டிட்டுப் போனேன்?” என்றார்.

“நீங்க கட்டின பக்கம்தான் இருந்துச்சு. காத்துதான் கேக்கல.”

“காத்தா திருப்பிச்சு?”

“மோட்டார் இருந்த வரைக்கும் ஒரு நூல் அசையாது. நீங்கதான் கழட்டிக்கிட்டுப் போனீங்க. கொண்டாந்து மாட்டுங்க, சொன்ன பக்கம் நிக்கும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க. எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க.”

“எனக்கு ஷ்வேப்யிதால புள்ள இருக்கான். இருக்கானா இல்லையான்னு தெரியாது. அரசாங்க டிவி அதச் சொல்லுமா? சொல்லும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே இந்தக் கையாலயே அந்தப் பக்கம் திருப்பறேன்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் டோ மியா ஈரத் துணி வாளியோடு வந்து கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டாவது மாடிக்காரி, அவளுக்குப் பின்னால் கீழ்வீட்டு டீச்சர். எல்லார் கையிலும் நனைத்த துணி. பாதித் துணியில் அழுக்குக்கூடப் போகவில்லை, அப்போதுதான் அள்ளி நனைத்தது. லூஜி அந்தத் துணிகளுக்கு நடுவே குனிந்து வழி தேடிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் உன் அப்பாவை விசாரிக்கக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு அவர்கள் கூடப் போனார். அந்த ராத்திரி நான் எதையும் எதிர்க்கவில்லை. அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். விடிந்தும் விடியாமலும் மாடிக்குப் போய் டிஷ்ஷைத் தள்ளி, அவர்கள் கட்டிய பக்கத்திலேயே கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று மாலைதான் அவரை விட்டார்கள். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு யாரும் பேசவே இல்லையாம். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம்: மோட்டார் பழுதாகிவிட்டது, நாங்களே கழற்றி ஒப்படைத்தோம், வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் கேட்டார். ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, “இப்ப எந்தப் பக்கம் நிக்குது?” என்றார்.

“அவங்க கட்டின பக்கம்தான். நான்தான் திருப்பினேன்.”

“எதுக்கு?”

“நீங்க உள்ள இருந்தீங்களே.”

“இப்ப வெளிய வந்தாச்சுல்ல? நீ டிவி முன்னால உக்காரு” என்று சொல்லிவிட்டு, எதிலும் அதிகம் ஏற்றாத அந்த மனிதர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப் படி ஏறிப் போனார். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். வெறும் பொரி. பொரி. அப்புறம் ஒரு நிழல், அப்புறம் நம் ஊர்ச் சாலை. பூனைக்குச் சோறு வைத்தாயிற்று என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் கீழே தன் டிவியில் படத்தைப் பார்த்துவிட்டு டோ மியாதான் கத்தினாள்.

நீ அதற்கு மறுநாள் கால் வீங்கி நடந்தே வந்தாய். ஊர்வலத்துக்குப் போகவில்லை, ஃபாக்டரிக் கேட்டைப் பூட்டி உள்ளேயே வைத்திருந்தார்கள் என்றாய். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய் வந்து, “மோட்டார் எங்கம்மா?” என்று கேட்டாய். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் காலோடேயே லூஜி வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாய். உன் அப்பா என் பக்கம் திரும்பாமல், “பழுதாப் போச்சுடா, கழட்டியாச்சு” என்றார். அவர்கள் எழுதி வாங்கின அதே வார்த்தை. உன்னைக் காப்பாற்ற எங்களுக்கு அன்று அது உதவியது. அடுத்த தையில் வேறு மோட்டார் வாங்கி மாட்டினோம், முன்னதைவிட நீளமான கை. பிறகு டிஷ் லைசென்ஸ் கட்டணத்தை வானத்துக்கு ஏற்றினார்கள், தெருவில் பல டிஷ் இறங்கியது. நம்முடையது இறங்கவில்லை. டோ மியாவின் மகன் பத்திரமாக வந்து சேர்ந்தான். அவளும் நானும் இன்னமும் நாடக நேரத்துக்குச் சண்டை போடுகிறோம்.

ஆனால் நேற்று அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. மிரட்டி எழுதி வாங்கின ஒரு பொய்யை என் மகன் நம்பி, அதை ஒரு காரணமாக வைத்து, யாரும் வந்து கேட்காமலே தன் வீட்டு டிஷ்ஷைத் தானே ஒரே பக்கமாகக் கட்டிப்போட நினைக்கிறான். அன்று லாரியில் ஏறிவிடுவாயோ என்று உனக்காகப் பயந்தேன். இன்று நீ எதிலுமே ஏறாமல் போய்விடுவாயோ என்று பயப்படுகிறேன். எந்தச் சானலை வேண்டுமானாலும் பார். நாடகம் பார், பந்தாட்டம் பார், ஒன்றையுமே பார்க்காமல் மூடி வை. அது நீயும் உன் மனைவியும் எடுக்கிற முடிவு. ஆனால் வேண்டும் என்று தோன்றுகிற நாளில் திரும்பிப் பார்க்க முடியாத வீட்டில் நீ குடியிருக்கக் கூடாது. உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, கம்பத்தைப் பற்றி இன்னும் நாலு வரி எழுது என்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற பஸ்காரர் வண்டியின் கூரையிலிருந்து சாக்குச் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றையும் இறக்கித் தருவார். கனமாக இருக்கும், இரண்டு பேராகப் பிடியுங்கள். இரும்புப் பல்சக்கரம்தான், கடையில் திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். இந்தத் தடவை கடைக்காரன் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். பிரிக்கும்போது உன் மாமனாரையும் கூப்பிடு. ஒரு முனையை அவர் பிடிக்கட்டும்.

உன் அம்மா